வேலையை விட்டுப் போவது குற்றமாயிருந்த காலத்தில் ஒரு நீதிபதி

1875ஆம் ஆண்டு லண்டனில் ஒரு சட்டம் நிறைவேறியது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் தள்ளும் பழைய வழக்கத்துக்கு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, பிரித்தானியப் பாராளுமன்றம் அன்று முடிவுகட்டியது. இனி அது பணத் தகராறு, குற்றம் அல்ல. அதே ஆண்டு, அதே நகரில், கேம்பிரிட்ஜில் படிப்பை முடித்த கொழும்புத் தமிழ் இளைஞர் ஒருவர் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். இலங்கை சிவில் சேவைக்கான போட்டிப் பரீட்சையிலும் தேறினார். அந்தப் பரீட்சையில் வென்ற முதல் இலங்கையர் அவர்தான். பெயர் பொன்னம்பலம் அருணாசலம்.

ஊர் திரும்பி நீதவான் ஆசனத்தில் அமர்ந்தபோது, இங்கிலாந்தில் ஒழிந்துபோன அந்தக் குற்றம் இலங்கையில் உயிரோடிருந்தது. அதை ஒழிக்கும் இயக்கத்துக்குத் தலைமை தாங்கும் நாள் அவருக்கு வர 40 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியே இக்கட்டுரையின் பொருள். அருணாசலத்தை இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்றும் பல்கலைக்கழக இயக்கத்தின் தந்தை என்றும் பாடநூல்கள் சொல்லும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். மலையகத்து வரலாற்றில் மட்டும் அவருக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. அது நியாயமான அளவுதானா என்று பார்க்க வேண்டுமானால், அவர் எத்தகைய நீதிபதி, எத்தகைய சட்டத்தின் கீழ் வேலைசெய்தார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1853 செப்டம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தவர். தந்தை பொன்னம்பல முதலியார் கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கட்டியவர். தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி, கிறிஸ்தவராக மாறாமலே இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர். சட்டநிரூபண சபை உறுப்பினர். கலை வரலாற்றறிஞர் ஆனந்த குமாரசுவாமியின் தந்தையும் அவரே. அண்ணன்மார் குமாரசுவாமியும் இராமநாதனும் பின்னாளில் அதே சபையில் அமர்ந்தார்கள். பிற்காலத்தில் றோயல் கல்லூரியான கொழும்பு அக்கடமியில் படித்து, புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் கிரைஸ்ட் கல்லூரிக்குப் போனார். அவருடைய விருப்பம் வழக்கறிஞர் தொழிலில் இருந்தது. மாமன்தான் சிவில் சேவைப் பக்கம் திருப்பினார். வெள்ளையர் மட்டுமே இருந்த உயர் பதவிகளுக்குள் நம்மவர் ஒருவர் பரீட்சை எழுதியே நுழைய முடியும் என்று காட்ட வேண்டிய தேவை அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. அந்தத் தேவையின் விலையையும் அருணாசலமே கொடுத்தார். அரசாங்க ஊழியராக இருந்த 38 ஆண்டுகளும் அரசியல் மேடையில் வாய்திறக்க முடியவில்லை.

அக்காலத்து இலங்கையில் நீதிபதி என்பவர் தனிப் பிறவி அல்லர். சிவில் சேவையில் சேர்ந்தவர் இன்று கச்சேரியில் வரி பார்ப்பார், நாளை பொலிஸ் நீதவானாக அடிதடி வழக்குக் கேட்பார், சில ஆண்டுகளில் மாவட்ட நீதிபதியாகக் காணி வழக்கில் தீர்ப்பெழுதுவார். சட்டம் படிக்காமலே நீதிபதியானவர்கள் பலர். பாரிஸ்டர் பட்டத்தோடு வந்த அருணாசலம் பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் இருந்தார். 1877 முதல் 1879 வரை பிரதம நீதியரசராயிருந்த சேர் ஜோன் பட் பியர், இந்தத் தீவில் நீதிபதி என்று சொல்லத் தகுந்தவர்கள் இருவரே, ஒருவர் கொழும்பு மாவட்ட நீதிபதி பெர்விக், மற்றவர் அருணாசலம் என்று மேலிடத்துக்குச் சொன்னதாக அவரைப் பற்றிய வரலாறுகளில் தவறாமல் வரும். அப்போது அருணாசலம் சேவைக்கு வந்து நாலு வருடம்கூட நிறையவில்லை. ஆகவே அதை அவருக்குக் கிடைத்த பாராட்டாக மட்டும் வாசிக்க என்னால் முடியவில்லை. நாட்டின் கீழ்நீதிமன்றங்களில் யார் யார் அமர்ந்திருந்தார்கள் என்பதைப் பற்றிப் பிரதம நீதியரசர் கொண்டிருந்த மதிப்பீடும் அதற்குள் இருக்கிறது. தோட்ட வட்டாரங்களில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே தோட்டத் துரைமாரிலேயே பலர் சமாதான நீதவான்களாகவும் உத்தியோகப்பற்றற்ற பொலிஸ் நீதவான்களாகவும் நியமிக்கப்பட்டிருந்தார்கள்.

அருணாசலத்தை நீதிமன்றத்தில் நேரில் கண்டு எழுதிய வெளியார் ஒருவர் உண்டு. கேம்பிரிட்ஜ் நண்பர், ஆங்கிலச் சோசலிஸ்டு எட்வர்ட் கார்ப்பெண்டர். 1890இல் இலங்கை வந்தவர் குருநாகலில் நீதிபதியாயிருந்த நண்பரின் வீட்டில் தங்கினார். சிவனொளிபாத மலை ஏறினார். 1892இல் வெளிவந்த அவருடைய பயண நூலில் ஓர் அத்தியாயமே பிரித்தானிய நீதிமன்றங்களையும் பௌத்த விகாரைகளையும் பற்றியது. முதலாளித்துவத்தைச் சாடி எழுதிவந்த கார்ப்பெண்டரும் அதன் குடியேற்றநாட்டுச் சட்டத்தை நடத்திவந்த அருணாசலமும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். நண்பர் மறைந்த பின் அக்கடிதங்களை 1927இல் கார்ப்பெண்டர் நூலாக்கினார். அதில் மேலோங்கி நிற்பது ஞான விசாரம். அருணாசலம் சைவத்தில் ஆழ்ந்தவர். தஞ்சாவூர்க் குருவிடம் உபதேசம் பெற்றவர். என்றாலும் தொழிலாளர் பற்றிய சிந்தனை அவருக்கு முதுமையில் திடீரென்று முளைத்தது என்று சொல்கிறவர்கள், இளமையிலிருந்தே அவருக்கு வாய்த்த நண்பர் யார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

நீதிபதியாக அவர் விட்டுச்சென்ற பெரிய வேலை ஒரு சட்டத் தொகுப்பு. உரோம-டச்சுச் சட்டம், கண்டிச் சட்டம், தேசவழமை, முஸ்லிம் சட்டம், இவற்றின்மேல் ஆங்கிலச் சட்டம் என்று அடுக்கடுக்காகக் கிடந்தது இலங்கையின் குடியியற் சட்டம். ஒரே தெருவில் வசிக்கும் நான்கு பேருக்கு வாரிசுரிமை நான்கு விதமாக இருக்கும். அதை ஒழுங்குபடுத்தும் நூலின் முதல் தொகுதியை 1910இல் வெளியிட்டார். வேலை முற்றுப்பெறவில்லை. சட்டம் என்பது யாருக்கும் விளங்கும்படி ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், நீதி கேட்டு வருகிறவன் சட்டத்தரணியின் கருணையில் நிற்கக் கூடாது என்ற எண்ணம் அந்த முயற்சிக்குப் பின்னால் தெரிகிறது.

மலையகத் தொழிலாளிக்கு எதிரான சட்டத்தில் இந்தக் குறை இல்லை. அது தெளிவாகவே எழுதப்பட்டிருந்தது.

எசமான்-வேலையாள் சட்டத்தின் முதல் வடிவம் 1841இல் வந்தது. அதை விரிவாக்கி வந்தது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். கோப்பிக் காலத்துச் சட்டம் அது. வாய்மொழியாகப் பேசி வேலைக்குச் சேர்ந்தாலும் அது மாதத்துக்கு மாதம் தானாகப் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம். முன்னறிவித்தல் இல்லாமல் விலகினால் ஓடிப்போன குற்றம். வேலைக்கு வராமல் நின்றால் குற்றம். எதிர்த்துப் பேசினால், சொன்னதைச் செய்ய மறுத்தால் அதுவும் குற்றம். தண்டனை 5 பவுண் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை கடூழியச் சிறை. சேர்ந்திருந்த சம்பளமும் போய்விடும். சம்பளம் கொடுக்காத துரையையும் தண்டிக்கச் சட்டத்தில் இடமிருந்தது என்று ஏட்டைக் காட்டி வாதாடலாம். ஆனால் துரைமேல் வழக்கு வைக்கத் தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். போக வேண்டுமானால் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்காமல் தோட்டத்தைவிட்டு இறங்க வேண்டும். இறங்கினால் அவனே குற்றவாளி. இரண்டு பக்கமும் சமம் என்று எழுதப்பட்ட ஒரு சட்டம் ஒரு பக்கமாகவே நடந்த விதம் இதுதான்.

துரைமாருக்குமே தொழிலாளி சிறைக்குப் போவதால் ஆதாயம் இல்லை. 3 மாதம் ஆள் குறைந்துவிடும். அவர்களுக்கு வேண்டியிருந்தது பிடியாணை. பொலிஸ் வரும் என்ற பயம் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் இருந்தால் போதும். ஆகவே இந்தச் சட்டத்தின் வேலையைச் சிறைக் கணக்கை வைத்து மட்டும் அளந்தால், அதில் பாதிக்கு மேல் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

1869இல் கோப்பி இலையில் பூஞ்சணம் கண்டது. 1880களில் கோப்பி மடிந்து தேயிலை எழுந்தது. 1884இல் ரயில் ஹட்டனை எட்டியது, மறு ஆண்டு நானுஓயாவை. 1900 அளவில் தேயிலை 4 லட்சம் ஏக்கரை நெருங்கிக்கொண்டிருந்தது. கோப்பிக்கு ஆள் தேவைப்பட்டது பருவத்துக்குத்தான். பழம் பறித்து முடிந்ததும் பலர் மன்னார் வழியாக ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். பெண்களும் பிள்ளைகளும் குடும்பத்தோடு தங்க வேண்டும். பருவத் தொழிலாளியைத் தடுத்து நிறுத்த எழுதிய சட்டம் இப்போது நிரந்தரக் குடிகள்மேல் நின்றது. சம்பளமோ மாதக்கணக்கில் இழுபட்டது. மாதம் முடிந்து 60 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று 1889இல் ஒரு சட்டம் கொண்டுவர நேர்ந்ததென்றால், அதற்கு முன்னர் நிலைமை எப்படி இருந்திருக்கும்? இரண்டு மாதக் காத்திருப்பையே சீர்திருத்தம் என்று சொன்ன காலம் அது.

சட்டத்துக்குத் துணையாக இருந்தது கடன். தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து புறப்படும்போதே முன்பணம், வழிச்செலவு, துணிமணி எல்லாம் ஆள் திரட்டிவரும் கங்காணியின் கணக்கில் ஏறிவிடும். தோட்டத்துக்கு வந்த பின் அரிசி, கலியாணம், சாவு எல்லாவற்றுக்கும் அதே கணக்குத்தான். அந்தக் கணக்கு கங்காணியிடம். கங்காணியின் கணக்கு துரையிடம். கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாற விரும்பினால் துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். இன்னின்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். ஆள் தேவைப்படும் துரை தொகையைக் கட்டி, கங்காணிக்கு மேலும் கொஞ்சம் கொடுத்து, கூட்டத்தையே வாங்கிக்கொள்வார். மேலும் கொடுத்ததும் கடன்தான். ஒவ்வொரு தோட்டம் மாறும்போதும் தொழிலாளியின் தலைக்கடன் ஏறியது. அவன் கையில் காசு எதையும் காணாமலேயே ஏறியது. துண்டு இல்லாமல் போனால் வேறு எந்தத் தோட்டமும் சேர்க்காது, பிடியாணை வேறு பின்னால் வரும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துண்டு முறையைத் துரைமார் எல்லோரும் விரும்பவில்லை. ஆளுக்காக ஒருவரோடொருவர் போட்டியிட்டு முன்பணத்தை ஏற்றிக்கொண்டே போவது தோட்டத்துக்கு நட்டம் என்று தோட்ட முதலாளிமார் சங்கத்திலேயே ஓயாத சர்ச்சை. 1904இல் திருச்சிராப்பள்ளியில் சொந்த ஆட்சேர்ப்பு அமைப்பொன்றை அவர்கள் தொடங்கியதற்கும் இந்த எரிச்சல் ஒரு காரணம். துண்டு போவது அவர்களில் பலருக்குச் சம்மதமே. சிறைத் தண்டனை போவது சம்மதமில்லை.

இங்கே கொஞ்சம் அமெரிக்காவைப் பார்ப்பது பயனுள்ளது. 1865ஆம் ஆண்டு அங்கே 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் அடிமைத்தனத்தை ஒழித்தது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கும் கட்டாய உழைப்புக்கு அதில் விலக்கு இருந்தது. தென் மாநிலங்கள் அந்த இடுக்கின் வழியாக நுழைந்தன. முன்பணம் வாங்கிய கறுப்பினத் தொழிலாளி வேலையை விட்டால் மோசடிக் குற்றம் என்று சட்டம் எழுதின. அலபாமாவில் இதை எதிர்த்த நீதிபதி ஒருவர் இருந்தார்: தோமஸ் குட் ஜோன்ஸ். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகப் போரிட்ட தெற்குப் படையின் அதிகாரி, அலபாமாவின் முன்னாள் ஆளுநர். 1901இல் கூட்டாட்சி நீதிபதியாக நியமிக்கப்பட்டவர், 1903இல் மொன்ட்கொமரி நீதிமன்றத்தில் கடனடிமை வழக்குகளை நடத்தித் தன் ஊர்ப் பண்ணையார்களையே கூண்டில் ஏற்றினார். பின்னர் அலொன்சோ பெய்லி என்ற தொழிலாளி 15 டொலர் முன்பணம் வாங்கி ஒரு மாதத்துக்குச் சற்று மேல் வேலைசெய்துவிட்டு விலகியதற்காகத் தண்டிக்கப்பட்டபோது, அந்த வழக்கை உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோகத் திரைமறைவில் உதவியவர்களில் ஜோன்ஸும் ஒருவர். 1911 ஜனவரியில் அந்த நீதிமன்றம் அலபாமாச் சட்டத்தைச் செல்லாததாக்கியது.

ஜோன்ஸுக்கு வாய்த்தது அருணாசலத்துக்கு வாய்க்கவில்லை. கூட்டாட்சி நீதிபதி ஆயுள்வரை பதவியில் இருப்பவர். அவர் கையில் மாநிலச் சட்டத்தை வீழ்த்தக்கூடிய ஓர் அரசியலமைப்பு இருந்தது. இலங்கை மாவட்ட நீதிபதியைத் தேசாதிபதி நாளைக்கே வேறு ஊருக்கு மாற்றலாம். சட்டநிரூபண சபை நிறைவேற்றிய கட்டளைச் சட்டத்தைத் தள்ளிவைக்க அவருக்கு அதிகாரமில்லை. அதிகபட்சம் சாட்சியத்தைக் கடுமையாகச் சோதிக்கலாம், தண்டனையைக் குறைக்கலாம். அதற்கு மேல் அந்த ஆசனத்தில் இடமில்லை. இதை அருணாசலத்துக்கான மன்னிப்பாக நான் சொல்லவில்லை. மனச்சாட்சிக்கு ஒவ்வாததென்று பதவியை விட்டவர்கள் உலகில் உண்டு; அவர் விடவில்லை.

அவரை நீதிமன்றத்திலிருந்து வேறு பாதைக்குத் திருப்பியவர் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன். சேவையில் மூத்த பலரைத் தாண்டிப் பதிவாளர் நாயகம் பதவிக்கு அவரைக் கொண்டுவந்தார். காணி உறுதிப் பதிவிலும் பிறப்பு இறப்புப் பதிவிலும் அருணாசலம் செய்த சீரமைப்பைத் தனியாகத்தான் எழுத வேண்டும். நமக்கு வேண்டியது 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு. அதை நடத்தி, நீண்ட வரலாற்று அறிக்கையோடு வெளியிட்டவர் அவர். தீவின் மக்கள்தொகை 35 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தோட்டங்களில் மட்டும் சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் பேர். தமிழர் தொகை 9 லட்சத்து 50 ஆயிரத்துக்குச் சற்று மேல். அதில் யாழ்ப்பாணத்தாரும் மட்டக்களப்பாரும் தோட்டத்தாரும் ஒரே தலைப்பின் கீழ். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பிரித்தெண்ணியது அதற்கடுத்த 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டில்தான். அந்தப் பிரிவினையின் அரசியல் விளைவுகளை மலையகத்தாருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்துக் குடும்பங்கள் எத்தனை, ஆண் பெண் எத்தனை, எந்த மாவட்டத்தில் எவ்வளவு என்று அந்தத் தீவில் வேறு எவரையும்விட நன்றாக அறிந்திருந்தவர் அருணாசலம். நீதவான் ஆசனத்தில் தொழிலாளி ஒவ்வொருவராக வருவான். மதிப்பீட்டு அட்டவணையில் தீவின் மக்களில் எட்டில் ஒரு பங்காக வந்தான்.

1913இல் ஓய்வுபெற்றார். சேர் பட்டம் கிடைத்தது. 60 வயதில் ஊன்றுகோலைத் தேடுவார் என்று அரசாங்கம் நினைத்திருக்கலாம். 1915இல் சமூக சேவைச் சங்கம், 1917 ஏப்ரலில் அரசியல் தேவைகள் பற்றிய புகழ்பெற்ற உரை, அடுத்த மாதம் சீர்திருத்தச் சங்கம், 1919 டிசம்பரில் தேசிய காங்கிரஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றின் நடுவே 1919 ஜூன் 25ஆம் திகதி இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம் தோன்றியது. தலைவர் அருணாசலம். செயலாளர் பெரி. சுந்தரம், மலையகத் தோட்டமொன்றில் பிறந்து கேம்பிரிட்ஜ் சென்று வழக்கறிஞராகித் திரும்பியவர். அடுத்த ஆண்டு தொழிலாளர் சம்மேளனம் ஒன்றையும் அருணாசலம் அமைத்தார்.

கண்டியிலோ ஹட்டனிலோ தொழிலாளரைத் திரட்டி ஊர்வலம் நடத்திய சங்கமல்ல அது. தோட்டத்துக்குள் கால்வைக்க அவர்களுக்கு வழியே இல்லை. அவர்களுடைய ஆயுதம் மனு, கூட்டம், பத்திரிகை, சட்ட வாதம். குறி ஒன்றே: தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளும் துண்டும் ஒழிய வேண்டும். பின்வந்த தொழிற்சங்கத்தார் இந்த மனுப்போடும் அரசியலை ஏளனம் செய்தார்கள். எனக்கு அந்த ஏளனத்தில் முழு உடன்பாடில்லை. இப்படியொரு மனுவைத் தோட்டத் துரையோ காலனிச் செயலாளரோ எளிதில் தள்ளிவிட முடியாததற்குக் காரணம், கையெழுத்திட்டவர் அந்தச் சட்டங்களோடு வாழ்ந்த முன்னாள் மாவட்ட நீதிபதி, குடிசன மதிப்பீட்டு அதிகாரி, நிர்வாக சபையில் அமர்ந்தவர். சட்டம் தெரியாமல் பேசுகிறார் என்று அவரை ஒதுக்க முடியாது. நாட்டைத் தெரியாமல் பேசுகிறார் என்றும் முடியாது.

1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. அதே அலையில் வேலையை விட்டதற்காகச் சிறை என்ற பிரிவுகளும் நீங்கின. இங்கிலாந்தில் 1875, இலங்கையில் 1921. இந்தியாவில் இதையொத்த 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கும் சட்டம் 1925இல் வந்தது.

வெற்றி முழுவதையும் அருணாசலத்தின் கணக்கில் எழுதுவது வரலாறாகாது. 1917இல் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் இருவரும் இலங்கையிலும் மலாயாவிலும் இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்து இந்திய அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்திருந்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் கடனும் துண்டும் எப்படி ஆளைக் கட்டிவைக்கின்றன என்பது அதில் இருந்தது. அதே ஆண்டு போர்க்காலத்தில் ஒப்பந்தக் கூலி ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. பிஜி, நேட்டால் செய்திகள் இந்தியாவெங்கும் கொதிப்பை உண்டாக்கியிருந்தன. இந்தியா புதிய குடியகல்வுச் சட்டம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தது. அது 1922இல் நிறைவேறியது. தொழிலாளியைச் சிறையில் போடும் நாட்டுக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று டில்லி சொல்லிவிட்டால் தேயிலைத் தோட்டம் என்னாகும்? துரைமாரை இணங்கவைத்தது கருணையைவிட இந்தக் கணக்கு. கொழும்பில் ஒரு குரல் ஏற்கெனவே சட்ட மொழியில் கோரிக்கையைத் தயாராக வைத்திருந்ததால், அரசாங்கத்துக்கு வழி எளிதாயிற்று. அருணாசலத்தின் பங்கு அந்த அளவு. அது சின்ன அளவல்ல.

குறையும் சொல்ல வேண்டும். சங்கம் தொழிலாளிக்காகப் பேசியது, தொழிலாளியைப் பேசவைக்கவில்லை. கங்காணி முறையின் வேரை அது தொடவில்லை. தேசிய காங்கிரசைத் தொடங்கியவரே, சட்டநிரூபண சபையில் கொழும்புத் தமிழருக்கான ஆசனம் பற்றிய தகராறில், 1921இல் அதைவிட்டு விலகினார். கடைசி ஆண்டுகளில் அவர் மனம் தமிழர் அரசியலிலும் 1923இல் தொடங்கிய தமிழர் மகாசபையிலும் இருந்தது. 1924 ஜனவரி 9ஆம் திகதி, தென்னகத்துக் கோயில்களைத் தரிசிக்கப் போன இடத்தில், மதுரையில் காலமானார்.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவர்கள் வேறு வகையினர். தஞ்சாவூர்க்காரர் கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையைக் கண்டவர். 1931 ஜனவரியில் ஹட்டனில் இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் வாசலுக்கே போன முதல் சங்கம் அது. அதற்கு முன்பே, 1927இல், இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்திருந்தது. அதன்படி உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32 என்று வகுத்தார்கள். அருணாசலத்தின் பழைய செயலாளர் பெரி. சுந்தரம், 1931இல் சர்வசன வாக்குரிமையின் கீழ் நடந்த முதல் தேர்தலில் ஹட்டன் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தெரிவானார். தொழில், கைத்தொழில், வணிக அமைச்சரானார்.

துண்டு போனது. வேலையிலிருந்து விடுவித்ததற்குத் துரை கொடுக்கும் பற்றுச்சீட்டு இருந்தது. வேலையும் லயக் காம்பராவும் ஒரே கையில் இருந்ததால், வேலை நீக்கம் என்பது வீட்டை விட்டு இறக்குவதாகவும் ஆயிற்று. சிறைக்கு அனுப்ப வேறு சட்டம் தேவைப்பட்டது. அதுவும் ஏட்டில் இருந்தது. 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்துக்கொண்டபோது, அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்களை வெளியேறச் சொன்னார்கள். அவர்கள் மறுத்தார்கள். மலையகம் முழுவதும் பல்லாயிரம் பேர் அவர்களுக்காக வேலையை நிறுத்தினார்கள். நீதிமன்றத்தில் அந்தத் தொழிலாளர்மேல் வைத்த குற்றச்சாட்டு, தோட்டத்தை விட்டுப் போகாமல் அத்துமீறித் தங்கியிருந்தது.